களவெட்டியில் சவூதிக் கேள்விகள்

பளீல் சவூதிக்குப் போவதா, விடுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பளீலிடம் இருக்கவில்லை. அது அவனுடைய மாமனார் பக்கீர் முகைதீன் போடியாரிடம் இருந்தது.

கல்முனைக்குடியில் அவன் குடியிருந்த வீடு மனைவி கமீலாவுடையது, சீதனமாக வந்தது. கிணறும் அவளுடையது. கிணற்றடியில் நின்ற தென்னையும் அவளுடையதுதான். பளீல் கொண்டுவந்தது ஒரு சைக்கிளும் இரண்டு கையும். அந்த இரண்டு கையையும் கலியாணம் முடிந்த கையோடு போடியார் தன் வயலுக்கு எடுத்துக்கொண்டார்.

சவளக்கடைப் பக்கம் போடியாருக்கு நல்ல நெல் வயல். உழுவது, வரம்பு கட்டுவது, காவலுக்குப் பரண் ஏறுவது, வெட்டுக்கு ஆள் பிடிப்பது, பிடித்த ஆள் வராவிட்டால் அவனுக்கும் சேர்த்துத் தானே வெட்டுவது, எல்லாம் பளீல்தான். கடைசியில் களத்தில் கூலிக்காரருக்கு நெல் அளக்கும்போது சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவன்தான். அவனுக்கு மட்டும் அளப்பதில்லை.

"மருமகனுக்குக் கூலி குடுத்தா ஊர் என்னத்தக் கதைக்கும்?" என்பார் போடியார்.

ஊர் ஒன்றும் கதைத்திருக்காது. ஊருக்கு அவனவன் பாடே பெரிய பாடு. ஆனாலும் ஊருக்குப் பயந்தவர்போல் நடப்பதில் போடியாருக்கு ஒரு போகத்துக்குப் பல மூடை நெல் மிஞ்சியது.

எண்பத்திரண்டாம் ஆண்டு அது. கல்முனைப் பொடியன்கள் பாதிப்பேர் பாஸ்போட்டும் கையுமாகத் திரிந்த காலம். பளீலும் ஒன்று எடுத்து வைத்திருந்தான். படத்தில் அவனைப் பார்த்தால் களவுக்குப் பிடிபட்டவன் மாதிரி இருந்தது. கமீலாவிடம் காட்டினான்.

"வாப்பா ஓம் எண்டாப் போங்க. அவர்ர சொல்லத் தட்டிப்போட்டு நீங்க போனா, பொறகு நானும் புள்ளையும் ஆர்ர முகத்துல முழிக்கிற?" என்றாள் அவள்.

போடியார் உடனே மறுக்கவில்லை. அவர் அப்படி மறுக்கிற ஆள் அல்ல. தாடியைத் தடவினார்.

"போறத்துக்கென்ன, நல்ல விசயம்தான். ஆனா ஏஜென்சிக்காரன்ட கதைய நான் நம்ப மாட்டன். மீன் விக்கிறவன் மீனப் புதுசு எண்டுதான் சொல்லுவான். போய்க் கிடந்து வந்தவன்ட வாயால நான் கேக்கணும். நம்மட முத்தலிப் லீவுல வந்திரிக்கானாமே? அவனக் கூட்டிக்கொண்டு வா. அவன் நல்லமெண்டு சொன்னா, நானே பள்ளியில பாத்திஹா ஓதி உன்ன அனுப்பி வெக்கன்."

இதைச் சொல்லும்போது போடியாரின் முகம் குளிர்ந்திருந்தது. ஏன் குளிர்ந்திருந்தது என்று பளீலுக்கு மறுநாள் தேநீர்க்கடையில் முத்தலிபைச் சந்தித்தபோதுதான் விளங்கிற்று.

முத்தலிப் கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை. கடலில் மீன்பாடு குறைந்த மாதங்களில் பளீலோடு சேர்ந்து வயலில் வெட்டுக்கு வந்தவன். இப்போது கையில் தங்க நிறத்தில் மணிக்கூடு கட்டியிருந்தான். அத்தரின் வாசம் மேசை தாண்டி வந்தது. காலில் பளபளவென்று சப்பாத்து. இவ்வளவும் இருந்தும் அவனிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் மாங்காய் களவெடுத்துவிட்டு, கேட்காமலே போய்ச் சொந்தக்காரனிடம் சொல்லி அடி வாங்கினவன் அவன்.

"வராத மச்சான்," என்றான் முத்தலிப், தேநீரை ஆற்றிக்கொண்டே. "கட்டட வேலை. நிக்கிறத்துக்கு நிழல் இல்ல. சுகமில்லயெண்டு படுத்தா சம்பளம் இல்ல. வெள்ளிக்கிழமை லீவெண்டு ஒண்டு இல்ல. அவனுகளுக்கு இரக்கமெண்டது மருந்துக்கும் இல்ல. கடலும் இல்ல, மழையும் இல்ல, பச்சையா ஒரு பத்தை இல்ல. கதைக்க ஆள் இல்ல."

"இதயா நீ மாமாக்கிட்டச் சொல்லப் போற?"

"கேட்டா உள்ளதத்தானே சொல்லணும்."

"என்ட மாமாக்கு இதெல்லாம் முதலே தெரியுமோ?"

"நான் வந்த முதல் வெள்ளியே பள்ளிவாசல்ல வெச்சிக் கேட்டாரே. எல்லாம் சொன்னன்."

பளீலுக்கு இப்போது எல்லாம் விளங்கிற்று. கிழவர் விடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்க ஆள் அனுப்பியிருக்கிறார்! குடும்பத்துக்கு முன்னால் முத்தலிபை இருத்தி, இல்ல, இல்ல, இல்ல என்று சொல்ல வைத்து, மருமகனைத் திரும்ப வரம்புக்கு அனுப்புகிற ஏற்பாடு.

இந்த இத்தனை 'இல்ல'வையும் எப்படி விழுங்க வைப்பது? பளீல் யோசித்தான். மண்வெட்டி பிடித்த கைக்கு யோசனை வராது என்று நினைப்பவர்கள் மண்வெட்டி பிடித்துப் பார்த்ததில்லை. அந்த வேலையில் யோசிப்பதைத் தவிர வேறென்ன செய்ய இருக்கிறது? தேநீர் முடிவதற்குள் அவனுக்கு இடம் பிடிபட்டுவிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாத ஓர் இடம் இருந்தது. சொன்னால் போடியாரே அடிக்க வருவார்.

"மச்சான், மாமா வயலில நிக்கார். சூடு மிதிக்கிற நாள். நாளைக்கு உன்ன அங்க கூட்டிக்கொண்டு போறன்," என்றான்.

சூடு மிதித்துக் கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கிற களவெட்டிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. தமிழரின் களம் என்றாலும் முஸ்லிம்களின் களம் என்றாலும் ஒரே சட்டம். காலில் ஒன்றும் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது. ஏறியபின் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. போதும், முடிந்தது, ஏலாது, வேண்டாம், எதுவும் கூடாது. சொன்னால் நெல்லின் பறக்கத்துப் போய்விடும், குவியல் குறைந்துவிடும். எதைக் கேட்டாலும் 'பொலி' என்றுதான் சொல்ல வேண்டும், பெருகட்டும் என்று. குடத்தில் தண்ணீர் தீர்ந்தால் 'குடம் பெருகிட்டு' என்பார்கள். கேட்டவன் தாகத்தோடு திரும்பிப் போவான். போன போகத்தில் றஸாக் என்ற வெட்டுக்காரன், பக்கத்தில் நின்றவன் வெற்றிலை கேட்க, ஏதோ நினைவில் "வெத்தில இல்ல" என்றுவிட்டான். போடியார் அவனைக் களத்தை விட்டு இறக்கினார். அந்தப் போகம் முழுக்க அவனை ஏறவிடவில்லை. நெல் எப்போதையும்விட அதிகமாகவே கண்டிருந்தது. அவன் அந்தச் சொல்லைச் சொல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவு கண்டிருக்கும் என்று போடியார் நெடுநாள் புலம்பித் திரிந்தார்.

மறுநாள் முத்தலிபைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பளீல் சவளக்கடைக்கு மிதித்தான். களத்தில் உழவு மெசின் கதிரின் மேல் சுற்றி மிதித்து ஓய்ந்திருந்தது. வைக்கோலை உதறி ஒதுக்கி, நெல்லை நடுவில் கும்பமாகக் குவித்திருந்தார்கள். தூற்றுவதற்குக் காற்று வேண்டும். கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. களத்துக்குப் பொறுப்பான முல்லைக்காரர் வேலப்போடி, நாவிதன்வெளிப் பக்கத்துக் கிழவர், வானத்தைப் பார்த்தபடி நின்றார். கூலிக்காரர்கள் சுளகுகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். போடியார் சாக்கு விரித்துக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

முத்தலிப் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் களத்தில் ஏறினான். நெல்லைக் கண்டான். வேலப்போடியைக் கண்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"டேய், இஞ்ச வெச்சா கேக்கப் போறார்?" என்று பளீலின் காதில் சீறினான்.

"இரு மச்சான், இரு," என்று பளீல் அவன் தோளை அமுக்கி இருத்தினான்.

போடியாருக்கு அந்த நேரம் வேறு நினைவு இருக்கவில்லை. விடை தெரிந்த கேள்வியைக் கேட்கிற குசி மட்டும்தான் இருந்தது. கூலிக்காரரெல்லாம் கேட்கட்டும், பிறகு ஒருவனும் பாஸ்போட் கதை எடுக்க மாட்டான் என்று குரலை உயர்த்தினார்.

"சொல்லு தம்பி முத்தலிப். எங்கட மருமகன் சவூதிக்குப் போகப் போறாராம். அங்க சோறு எப்பிடி?"

"பொலி," என்றான் முத்தலிப். இது உண்மை. அவனுக்குச் சுலபமாக வந்தது.

"கோழி?"

"பொலி, பொலி." இதுவும் உண்மை.

போடியார் முன்னால் சாய்ந்தார். "வேலை செய்ற இடத்துல நிழல்?"

முத்தலிபின் வாய் 'இ' என்று திறந்தது. வேலப்போடி வானத்திலிருந்து கண்ணை இறக்கி அவனைப் பார்த்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. நெற்றியில் வேர்வை முத்தாகக் கோர்த்தது.

"பொலி," என்றான்.

"வெள்ளிக்கிழமை லீவு?"

"பொ... பொலி."

"சுகமில்... சுகத்துக்கு ஒரு குறை வந்தா, கிடந்து எழும்பச் சம்பளத்தோட விடுவானுகளா?" போடியாரே பாதிச் சொல்லை விழுங்கிக்கொண்டார்.

"பொலி."

"முதலாளிமாருக்கு இரக்கம்?"

முத்தலிப் செருமினான். பளீலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கத்தி இருந்தது. "பறக்கத்," என்றான் கடைசியில், மாத்திரை விழுங்கினவன்போல்.

பளீல் தலையைக் குனிந்து காற்பெருவிரலால் வைக்கோலைக் கிளறினான். சிரிப்பு வந்தால் காரியம் கெட்டுவிடும்.

சுற்றியிருந்தவர்களின் தலையிலிருந்து சுளகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நிழலும் லீவும் இரக்கமும் கோழியும் உள்ள ஊரைப் பற்றி அவர்கள் இதுவரை மௌலவியின் வாயால் மட்டும்தான் கேட்டிருந்தார்கள், அதுவும் மறுமையில் கிடைப்பதாக. களத்தின் சட்டத்தைக் காலமெல்லாம் காத்தவர்கள்தான். ஆனாலும் மனிசன் தனக்குப் பிடித்த விடை கிடைத்தால் அதை எங்கே வைத்துச் சொன்னார்கள் என்று பார்ப்பதில்லை.

"போடியார், நானும் ஒரு பாஸ்போட் எடுக்கத்தான் வேணும்போல," என்றான் ஒருவன்.

"நம்ம எல்லாரும் ஒரு பிளேன்ல போவமா?" என்றான் இன்னொருவன்.

போடியாரின் முகம் வெளிறிற்று. மருமகனைப் பிடிக்க விரித்த வலையில் கூலிக்காரர் கூட்டமே கழன்று ஓடப் பார்க்கிறது. அடுத்த போகத்துக்கு வெட்டுக்கு யார் வருவார்கள்?

அப்போதுதான் றஸாக், வெற்றிலைக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து முடித்து இந்தப் போகம் களத்தில் ஏறியிருந்தவன், ஒரு கேள்வி கேட்டான்.

"மச்சான் முத்தலிப், அங்க ஏசுறதும் அறபிலதானே?"

"ஓம்."

"அப்ப குர்ஆன் கேக்கிற மாதிரி, ஏச ஏசக் கேட்டுக்கொண்டு நிண்டா நமக்கு நன்மையும் எழுதப்படுமா?"

களம் சிரித்தது. முத்தலிப் சிரிக்கவில்லை.

"ஏச்சுப் பொலி!" என்றான் சத்தமாக. அவ்வளவு நேரமும் முள் விழுங்கினவன்போல் இருந்த முகம், அந்த ஒரு சொல்லில் தெளிந்துவிட்டது.

போடியார் அதைக் கண்டார். அவர் கண் சுருங்கிற்று. களத்திலேயே தாடி நரைத்த மனிசன். பொலி என்ற சொல்லை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று பளீலைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சாக்கில் காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"தம்பி, வெயில் எப்பிடி?"

முத்தலிப் நிமிர்ந்தான். "பொலி!"

"ஒரு அறைக்குள்ள ஆக்கள்?"

"பொலி, பொலி!"

"மூட்டப்பூச்சி?"

"பொலியோ பொலி, போடியார்! அத மட்டும் கப்பல்ல ஏத்தலாம்."

"ஒரு சம்பளத்துக்கும் மறு சம்பளத்துக்கும் நடுவுல நாள்?"

"பொலி. சில நேரம் பெருகிப் பெருகி மூணு மாசமாகும்."

"வேலைக்குப் போகக்குள்ள சொன்ன வேலைக்கும், போன பொறகு தந்த வேலைக்கும் நடுவுல வித்தியாசம்?"

"அல்லாட காவல், பொலி! டிரைவர் எண்டு கூட்டிக்கொண்டு போனான். சீமேந்துதான் சுமந்தன்."

ஒவ்வொரு விடைக்கும் ஒவ்வொரு சுளகு திரும்பத் தலைக்கு ஏறிற்று. பாஸ்போட் எடுக்க இருந்தவன் பல்லுக்குள் குச்சி விட்டுக் குத்தத் தொடங்கினான். போடியார் கடைசியாகக் கேட்டார், குரலைத் தணித்து.

"அழுகை?"

முத்தலிப் மணிக்கூட்டைத் திருகினான்.

"பொலி," என்றான் மெல்ல. "முதல் வருசம் நல்ல பொலி."

போடியார் மருமகனைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார். காற்று இன்னும் வரவில்லை. பளீல் அந்த நிமிடம் தனக்கு முன்னால் எல்லாப் போகங்களையும் கண்டான். உழவு, வரம்பு, காவல், வெட்டு, சாக்கின் வாய். சாகும்வரை சாக்கின் வாய்.

"முத்தலிப்," என்றான் பளீல். "உண்மையச் சொல்லு. நீ திரும்பப் போவியா?"

"போவன்."

"இவ்வளவு பொலிஞ்சும்?"

"மச்சான், பிந்தினாலும் சம்பள நாளெண்டு ஒண்டு வரும். வரிசையில நிப்பாட்டி என்ட பேரச் சொல்லிக் கூப்பிடுவானுகள். பிழையாத்தான் கூப்பிடுவானுகள், ஆனா கூப்பிடுவானுகள். நான் போய் என்ட கையால வாங்குவன். அந்தச் சல்லி என்ட சல்லி."

கூலிக்காரரில் எவன் பேரையும் இந்தக் களத்தில் அளக்கும்போது சொல்லிக் கூப்பிடாமல் விட்டதில்லை. பளீலின் பேரைத்தான் யாரும் கூப்பிட்டதில்லை. அதை எல்லாரும் கண்டுதான் இருந்தார்கள்.

பளீல் எழும்பினான். சாறனில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினான். குவியலுக்கு முன்னால் போய் மாமனாருக்கு நேரே நின்றான்.

"மாமா, நான் சவூதிய விடுறன். உங்கக்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். மருதையடியில இரிக்கிற அந்த ஒரு வரவை வயல், அடுத்த போகத்துல இருந்து எனக்கும் கமீலாக்கும் தனியாச் செய்யத் தருவீங்களா?"

போடியாரின் உதடு பிரிந்தது. உள்ளே அந்தச் சொல் தயாராக நின்றது. பல்லுக்குப் பின்னால் அது முட்டுவதைப் பளீல் கண்டான். குவியலையும் கண்டான், போடியாரும் குவியலைத்தான் பார்த்தார். இன்னும் தூற்றாத, அளக்காத நெல். ஒரு சொல்லில் குறைந்துபோகக்கூடிய நெல்.

"பொறகு கதைப்பம் மகன்," என்றார்.

பளீலை அவர் 'மகன்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அது சரிவ..." என்று தொடங்கிய வேலப்போடி, தானும் சட்டத்துக்குள் நிற்பதை நினைத்துச் சொல்லை மாற்றினார். "களத்துல கேட்ட கேள்வியக் களத்துலயே தீர்க்கிறதுதான் வழமை, போடியார். கேள்வியத் தொங்க விட்டுட்டுத் தூத்தினா நெல்லும் தொங்கிரும்."

இப்படி ஒரு வழமையை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வேலப்போடி அதை மிகப் பழைய குரலில் சொன்னார். கூலிக்காரர் எல்லாரும் மிகப் பழைய தலைகளாக ஆட்டினார்கள்.

போடியார் எழும்பினார். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். களத்தின் ஓரத்தைத் தாண்டி, வரம்பில் ஏறி நின்று திரும்பினார். அங்கே நின்றால் எதையும் சொல்லலாம்.

"டேய், இஞ்ச வா! சொல்றன்."

பளீல் அசையவில்லை. "இஞ்ச வந்து சொல்லுங்க மாமா."

"நீ வாடா இஞ்ச!"

"நெல்லுக்குக் காவல் நிக்கன் மாமா."

வரம்பில் நிழல் கிடையாது. போடியாரின் தொப்பி களத்தில் சாக்கின் மேல் கிடந்தது. வெயில் அவர் மொட்டைத் தலையில் நேரே இறங்கிற்று. முத்தலிப் அனுதாபத்தோடு அவரைப் பார்த்தான். அந்த வெயிலில் நிற்பது எப்படி என்று அவனுக்குத் தெரியும். போடியார் வரம்பில் இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார். அங்கிருந்தே அந்தச் சொல்லைக் கத்தலாம் என்று ஒரு தடவை வாயைத் திறந்தார். சத்தம் களத்துக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து மூடினார்.

அப்போது கச்சான் எழும்பிற்று. முதலில் வைக்கோல் போர் சலசலத்தது. பிறகு குவியலின் மேல் கிடந்த சருகுகள் பறந்தன.

"போடியார், காத்து வந்திட்டு!" என்று வேலப்போடி கூப்பிட்டார். "நீங்க வந்து பிஸ்மில் சொன்னாத்தான் நாங்க சுளகு தூக்கலாம்!"

காற்று யாருக்காகவும் நிற்காது. பின்னேரம் விழுந்துவிட்டால் இன்னொரு நாள் கூலி, இன்னொரு நாள் காவல், இடையில் மழைகூட வரலாம். போடியார் வானத்தைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். பளீலைப் பார்க்காமல் களத்தில் திரும்ப ஏறினார். அவன் முன்னால் வந்து நின்றார். தோற்றாலும் சும்மா தோற்கிற மனிசன் அல்ல அவர்.

"மருதையடி வரவை," என்றார். "அதுல களை பொலி. தெரியுமா?"

"தெரியும் மாமா."

"மாரியில வெள்ளம் பொலி. நண்டு பொலி. கோரை பொலி. யானை முதல்ல இறங்குறதும் அதுக்குள்ளதான்."

"வரம்பு கட்டினவன் நான்தானே மாமா. யானையக் கலைச்சவனும் நான்தான்."

போடியார் மூச்சை இழுத்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எடுத்துக்க," என்றார். "பொலி."

"பொலியோ பொலி!" என்று களம் முழுக்கக் கத்திற்று. முத்தலிப்தான் எல்லாரிலும் சத்தமாகக் கத்தினான்.

போடியார் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் றஸாக் சுளகை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். முகம் ஒன்றும் அறியாத பிள்ளையின் முகம்போல் இருந்தது.

"போடியார், எனக்கும் ஒரு சின்னக் கேள்வி இரிக்கி."

"எனக்கும்," என்றான் அவனுக்குப் பின்னால் நின்றவன்.

போடியார் சாறனை மடித்துக் கட்டவும் நேரம் எடுக்கவில்லை. அந்த வயதில் அவர் அவ்வளவு வேகமாக ஓடி வரம்பில் ஏறுவார் என்று யாரும் நினைக்கவில்லை.